வன்னியின் பழைய இரும்பில் தொழிற்கருவிகள்: வரலாறு, மதிப்பீடு, உரிமை

இலங்கையின் வன்னியில் ஒரு பழைய தொழிற்கருவிக்கு இரண்டு விலைகள் உள்ளன. பழைய இரும்புக் கடையின் தராசில் ஏறினால் அது கிலோக் கணக்கில் விலைபோகும் இரும்பு. தச்சரிடமோ பட்டறைக்காரரிடமோ போய்ச் சேர்ந்தால், இன்னும் ஒரு தலைமுறை உழைக்கக்கூடிய கருவி. இந்த வித்தியாசத்தை விற்பவரும் அறியாமல், வாங்குபவரும் பாராமல், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து நல்ல சீவுளிகளும் வைஸ்களும் அளவுக் கருவிகளும் உருக்கப்படுவதற்காக லொறியேறுகின்றன. அக்கருவிகள் இங்கே எப்படி வந்தன, இன்று எங்கே கிடைக்கின்றன, எப்படிப் பரிசோதிப்பது, யாருக்கு உரியவை என்று எப்படித் தீர்மானிப்பது ஆகிய கேள்விகளை இக்கட்டுரை ஒருசேர ஆராய்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வன்னியில் பழைய கருவி என்பது தொழில் மீள்வதற்கான மூலதனம். அப்படியே அது நடத்தப்பட வேண்டும் என்பதே இதன் நிலைப்பாடு.

கருவிகள் வந்த வழி

வன்னியில் கிடைக்கும் பழைய கருவிகளைக் காலத்தின்படி நான்கு தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஊரிலேயே உருவானவை. கம்மாலைகளில் அடித்த மண்வெட்டி, காட்டுக்கத்தி, கோடாரி, தச்சர் தாமே செதுக்கிய மர உடல் சீவுளிகள், முழக்கோல், நெல் அளந்த கொத்து, மரைக்கால் போன்ற முகத்தலளவைகள். முதிரையும் பாலையும் கருங்காலியும் விளைந்த காட்டை அண்டி வாழ்ந்த தச்சருக்குக் கடினமான மரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் சீவுளியின் அலகு வெளியிலிருந்து வந்தாலும் உடல் இங்கேயே செய்யப்பட்டது.

இரண்டாவது தொகுதி குடியேற்றவாத ஆட்சியின் பொதுவேலைகளோடு வந்தது. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை வடக்கு இரயில் பாதை முழுமையடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களில் இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் நடந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின் குடியேற்றத் திட்டங்களுக்காகக் காடு அளந்து பிரிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் கருவிகளைக் கேட்டன. 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் பழைய முறையில் காணி அளப்பதற்கு 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலி பயன்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தச்சு வேலைக்கும் பொறிவேலைக்கும் ஷெபீல்ட், பேர்மிங்ஹாம் நகரங்களின் கருவிகள் வந்தன. ரபோன் மடக்கு அடிமட்டம், செஸ்ரர்மன் அளவுநாடா, மார்ப்பிள்ஸ் உளி, றெக்கோட் வைஸ், மூர் அண்ட் றைட் மைக்குரோமீற்றர், அமெரிக்க ஸ்ரான்லி சீவுளி ஆகியவை அந்த உலகத்தின் பெயர்கள்.

மூன்றாவது தொகுதி சுதந்திரத்துக்குப் பிந்தியது. ஆனையிறவு உப்பளம், 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போன்றவை பொருத்துநரையும் கடைசல் வேலை தெரிந்தவரையும் வேண்டி நின்றன. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றங்கள் செழித்தன. நீரிறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் வந்த இடத்துக்கு அவற்றைத் திருத்தும் பட்டறையும் வரவேண்டியிருந்தது. ஸ்பானர் தொகுதி, புரி வெட்டும் ரப், டை, ஃபீலர் கேஜ் என்பன ஊர்ப்பட்டறைக்குள் பரவலாக நுழைந்த காலம் அது.

நான்காவது தொகுதி போருக்குப் பிந்தியது. A9 வீதி வழியாக வந்த சீன, இந்தியக் கருவிகளும், ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான பொருட்களோடு வந்தவையும் இதில் அடங்கும்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் முறிவு இருக்கிறது. 1990 ஜூனில் யாழ்தேவி இரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. எரிபொருள், சீமெந்து, பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் உள்ளிட்ட பொருட்கள் வடக்குக்கு வராமல் தடைசெய்யப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. உதிரிப்பாகத்தை வாங்க முடியாதபோது செய்யவேண்டியிருந்தது. செய்வதற்குக் கையில் இருந்த கருவியே கதி. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் ஒரு பகுதியினர் வன்னிக்கு வந்தபோது, தொழிலாளர் தூக்கிவரக்கூடியதைத் தூக்கிவந்தனர். பின்னர் 2008, 2009இல் வன்னி மக்களே கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். கொண்டுபோக முடியாததைச் சிலர் வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தனர். மற்றவை வீட்டோடு எரிந்தன அல்லது வழியில் கைவிடப்பட்டன. இடம்பெயர்ந்தோரின் செட்டிகுளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை மீள்குடியேற்றம் கட்டம் கட்டமாக நடந்தது. திரும்பிவந்தவர்களின் முதல் வருமான வழிகளில் ஒன்று பழைய இரும்பு. இன்று நாம் தேடும் கருவிகளில் கணிசமானவை இந்த வழியைக் கடந்து வந்தவையே.

எங்கே கிடைக்கின்றன

பழைய இரும்புக் கடைகளே முதலிடம். வவுனியா நகரைச் சுற்றியும் A9 வீதியோரத்திலும் இவை உள்ளன. ஊர் ஊராகச் செல்லும் சிறு வாகனங்கள் இரும்பு, அலுமினியம், பித்தளை, பழைய பற்றறி ஆகியவற்றை வாங்கி இக்கடைகளில் சேர்க்கின்றன. இங்கே தேடுபவர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: பித்தளைக்கு இரும்பைவிட விலை அதிகம் என்பதால், பித்தளைத் தூக்குக்குண்டு, பித்தளைத் தகடு பதித்த நீர்மட்டம், பித்தளைக் கீல் கொண்ட மடக்கு அடிமட்டம் ஆகியவைதான் முதலில் பிரிக்கப்பட்டு முதலில் வெளியேறுகின்றன. இரும்புக் குவியலின் அடியில் ஒரு வைஸ் சில மாதங்கள் கிடக்கலாம். தூக்குக்குண்டு அப்படிக் கிடக்காது.

இரண்டாவது, அரச ஏலங்கள். திணைக்களங்களில் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பின் பின், பாவனைக்கு உதவாதவை எனத் தீர்மானிக்கப்பட்டவை பகிரங்க ஏலத்துக்கு வருகின்றன. பெரும்பாலும் தொகுதியாகவே விற்பதால், உடைந்த கதிரைகளோடும் தேய்ந்த ரயர்களோடும் ஒரு நல்ல கருவிப் பெட்டி சேர்ந்து வரக்கூடும். ஏலத்துக்கு முன்பு பொருட்களைப் பார்வையிட அனுமதிக்கப்படும் நேரமே கருவி தேடுபவருக்கு முக்கியமானது.

மூன்றாவது, குடும்பங்கள். தொழில் செய்தவர் இறந்ததாலோ காணாமல் போனதாலோ முதுமையடைந்ததாலோ கருவிகள் ஒரு மூலையில் கிடக்கின்றன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுந்த வன்னியில், கணவரின் அல்லது தந்தையின் கருவிப்பெட்டியை வீட்டு வாசலில் நிறுவைக்குக் கொடுத்துவிடும் நிலை பெரிய இழப்பு. பெட்டியிலுள்ள ஒவ்வொரு கருவியும் என்ன பெறும் என்று சொல்ல அங்கே ஆளிருந்தால், அந்தக் குடும்பத்தின் கைக்கு வருவது பலமடங்காகும்.

வன்னிக்கு வெளியே கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்கும், பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான்களுக்கும் பெயர்பெற்றவை. வன்னியில் நிறுவைக்கு வாங்கிய ஒரு கருவி வேறு நகரத்தில் கருவியின் விலைக்கு விற்கப்படலாம். இடையிலுள்ள இலாபம் முழுவதும் அறிவுக்குக் கிடைக்கும் கூலி. அந்த அறிவு வன்னியிலேயே இருந்தால் இலாபமும் இங்கேயே தங்கும்.

கைக்கருவிகளைச் சோதித்தல்

கறள் மட்டும் ஒரு கருவியைக் கெடுத்துவிடுவதில்லை. மேற்பரப்பில் பொடியாகப் படிந்த கறளை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் நீக்கிவிடும். உருக்கைத் தின்று குழி விழுத்திய கறள் வேறு. அந்தக் குழி வெட்டும் முனையில் இருந்தால் உளியோ சீவுளி அலகோ கூர்பிடிக்காது; பின்பகுதியில் இருந்தால் பாதகமில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்திலும் நந்திக்கடல் ஓரத்திலும் கிடந்தவற்றில் உப்பு ஊறியிருக்கும். அவற்றை நன்னீரில் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால் துடைத்த பின்னும் கறள் திரும்ப வரும்.

வன்னிக்கே உரிய இன்னொரு சோதனை தீ. எரிந்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட வெட்டுக் கருவி, பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் தோய்ச்சலை இழந்திருக்கலாம். ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கின் மேற்பரப்பு நீலமாகும்; சாதாரணக் காபன் உருக்கில் உளியின் முனைக்கு வேண்டிய கடினம் அந்த நிலையில் குறைந்துவிடும். முனையில் ஒரு நல்ல அரத்தை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் கடினம் உள்ளது. இலகுவில் கடித்தால் போய்விட்டது. அப்படிப்பட்ட உளியைத் தகுதியான கொல்லரிடம் கொடுத்து மீளத் தோய்க்கலாம். ஆகவே விலையைக் குறைத்துக் கேட்பதற்கு இது காரணமே தவிர, விட்டுவிடுவதற்குக் காரணமல்ல.

இரும்பு உடல் சீவுளியில் முதலில் பார்க்க வேண்டியது வாய்ப்பகுதியில் வெடிப்பு உண்டா என்பது. அடுத்தது அலகின் மீதி நீளம். அதன் பின் அடித்தளம் நேராக உள்ளதா என்று ஓர் உருக்கு அடிமட்டத்தை வைத்து ஒளிக்கு எதிரே பார்க்க வேண்டும். கைப்பிடி உடைந்திருப்பது குறையே அல்ல. முதிரையில் ஒரு கைப்பிடி செய்ய எந்தத் தச்சராலும் முடியும். வைஸில் திருகின் தேய்மானமும், வார்ப்பிரும்பு உடலில் ஒட்டுப்போட்ட அடையாளமும் முக்கியம். வார்ப்பிரும்பை ஒட்டுவது கடினம். முன்பு உடைந்து ஒட்டிய வைஸ் பாரமான வேலைக்கு நம்பத்தகுந்ததல்ல. அடைகல்லின் மேல் சிறிய சுத்தியலைத் தளர்வாகப் பிடித்துத் தட்டினால், நல்ல அடைகல் சுத்தியலை உயர எழுப்பும். உள்ளே வெடித்தது மந்தமாக வாங்கிக்கொள்ளும். தண்டவாளத் துண்டும் சிறிய வேலைகளுக்கு நல்ல அடைகல்லே.

அளவுக் கருவிகளைச் சோதித்தல்

வெட்டும் கருவியைத் தீட்டித் திருத்தலாம். அளவுக் கருவியில் தேய்மானம் நேரடியாகப் பொய்யளவாகிறது. ஆகவே இங்கே கண்டிப்பு கூடுதலாக வேண்டும்.

மூலைமட்டத்தைச் சோதிக்க நேர்விளிம்புள்ள ஒரு பலகை போதும். விளிம்போடு அதன் கட்டையைச் சேர்த்து ஒரு கோடு கீறி, மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீற வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 90 பாகை சரி. விலகினால், காணப்படும் விலகலில் பாதியே மட்டத்தின் பிழை. நீர்மட்டத்துக்கும் அதே தத்துவம்: ஓரிடத்தில் வைத்துக் குமிழைக் குறித்து, முனை மாற்றி வைத்தால் குமிழ் அதே கோடுகளுக்கிடையே நிற்க வேண்டும்.

உயர்தர மாணவர்கள் நுண்மானித் திருகுக் கணிச்சி என்று படிக்கும் மைக்குரோமீற்றரில், மெற்றிக் வகையின் திருகுப் புரியிடை 0.5 மில்லிமீற்றர், சுற்றில் 50 பிரிவுகள், ஒரு பிரிவு 0.01 மில்லிமீற்றர். அங்குல வகையில் அங்குலத்துக்கு 40 புரிகள், சுற்றில் 25 பிரிவுகள், ஒரு பிரிவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று. முகங்களைச் சுத்தமான கடதாசியால் துடைத்து மூடிப் பார்க்க வேண்டும். பூச்சியம் சற்று விலகியிருந்தால் அதற்குரிய சிறிய ஸ்பானரால் சரிசெய்யலாம். திருகு ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால், அல்லது அளக்கும் முகங்களில் கறள் குழி விழுந்திருந்தால், அது கற்பித்தலுக்கு மட்டுமே உதவும். முகத்தில் அரத்தாள் போட்டுத் தேய்த்து மினுக்கியவற்றை வாங்கவே கூடாது.

பூச்சியம் சரியாக இருப்பது மட்டும் போதாது. இடைப்பட்ட ஓரளவிலும் சோதிக்க வேண்டும். ஆய்வுகூட நியமக் கட்டைகள் கிடைக்காத ஊரில், நம்பகமான தயாரிப்பின் புதிய போல் பெயாரிங் ஒன்று கைகொடுக்கும். 608 இலக்கப் பெயாரிங்கின் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். சாதாரணத் தரத்தில் அது 0.009 மில்லிமீற்றருக்கு மேல் குறையக் கூடாது. இதனால் 25 மில்லிமீற்றர் வரையான மைக்குரோமீற்றரைச் சோதிக்கலாம். 6204 இலக்கத்தின் வெளிவிட்டம் 47 மில்லிமீற்றர். அனுமதித்த குறைவு 0.011. இது 25 முதல் 50 வரையானதற்குப் பொருந்தும். பெயாரிங்கின் அகலத்தில் அனுமதி மிகத் தளர்வு என்பதால் அதை அளந்து முடிவுக்கு வரக்கூடாது.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. தொழில்துறை அளவுகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். வன்னியின் பட்டறை 33 பாகையில் இருந்தால், 100 மில்லிமீற்றர் உருக்குத் துண்டு ஏறத்தாழ 0.015 மில்லிமீற்றர் நீளும். கருவியும் பொருளும் ஒரே உருக்காகவும் ஒரே வெப்பத்திலும் இருந்தால் பிழை பெரும்பாலும் ஈடாகிவிடும். வெயிலில் கிடந்த பொருளை நிழலில் இருந்த கருவியால் அளந்தால் ஈடாகாது.

இன்னோர் எச்சரிக்கை: பழைய தராசுகளும் படிகளும் சேகரிப்புக்கும் கற்பித்தலுக்கும் உரியவை. வியாபாரத்தில் பயன்படுத்துவதென்றால் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்கீழ் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும்.

அங்குலமா, மில்லிமீற்றரா

1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. அதனால் அங்குலக் கருவிகளுக்கு இனி வேலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். வன்னியின் பட்டறையில் இது உண்மையல்ல. பழைய லிஸ்ரர் இயந்திரம் ஒன்றைக் கழற்றுவதற்கு விட்வேர்த் ஸ்பானர் வேண்டும். 1950களின் பின் வந்த பல பிரித்தானிய வாகனங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் இன்னொரு அங்குலத் தொகுதி வேண்டும். ஜப்பானிய இருசில்லு உழவு இயந்திரத்துக்கு மெற்றிக் வேண்டும்.

ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த திருகுப்புரி முறையில் புரியின் கோணம் 55 பாகை; பின்வந்த அமெரிக்க, மெற்றிக் முறைகளில் 60 பாகை. விட்வேர்த் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. ஆகவே அரை அங்குலம் என்று பொறித்ததன் வாய் அரை அங்குலத்தைவிடப் பெரிது. அரை அங்குல விட்வேர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 புரிகள். அதே பருமனான அமெரிக்கத் தடிப்புரிக்கு 13. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகிப் புரியைக் கெடுக்கும். எனவே பழைய ரப், டை தொகுதியைக் கண்டால் அதில் பொறித்த எழுத்துகளை வாசித்து, தொகுதி கலையாமல் வாங்க வேண்டும். புதிதாக வாங்குவதற்கு இன்று மிகக் கடினமான கருவிகள் இவையே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டியபோது, இறக்குமதிக் கருவி எவ்வளவு எளிதில் கைக்கு எட்டாமல் போகும் என்பதை எல்லாப் பட்டறைகளும் கண்டன.

யாருடையது?

மற்ற இடங்களில் பழைய கருவி தேடுபவர் பெரும்பாலும் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியை வன்னியில் கேட்டேயாக வேண்டும். இந்தக் கருவி விற்கப்பட்டதா, கைவிடப்பட்டதா, அல்லது எடுக்கப்பட்டதா? இடப்பெயர்வில் விடுபட்ட பொருளின் உரிமை விடுபட்டவரிடமே இருக்கிறது. தொழிலாளர் தம் கருவிகளில் பெயரின் முதலெழுத்தையோ ஓர் அடையாளத்தையோ பொளிந்து வைப்பது வழக்கம். அந்த எழுத்தைத் தேய்த்து நீக்குவது தவறு. படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறித்து வைத்தால், என்றோ ஒருநாள் உரியவரோ அவரது பிள்ளைகளோ அடையாளம் காணும் வாய்ப்பு மிஞ்சும். அடையாளம் கண்டால் திருப்பிக் கொடுப்பதே முறை.

பழைய கருவிகளைக் காப்பதில் சட்டம் அதிகம் உதவாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அடிப்படையில் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கருதுகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தச்சரின் முழக்கோலுக்கும் நில அளவையாளரின் சங்கிலிக்கும் அங்கே இடமில்லை. அவற்றைக் காப்பது சமூகத்தின் பொறுப்பு.

உயிர்ப் பாதுகாப்பு இதைவிட முக்கியம். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக மிதிவெடி அகற்றி வருகின்றன. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் வெடிக்காத எறிகணைகள் இரும்புத் துண்டாகத் தோற்றமளித்து ஆட்களைக் கொன்றிருக்கின்றன. கருவி தேடுவதற்காகக் காட்டிலோ கைவிட்ட வளவிலோ மண்ணைக் கிளறக் கூடாது. சந்தேகமான பொருளைத் தொடாமல் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். கடையில் உள்ளதை மட்டும் தேடுங்கள்.

செய்யவேண்டியவை

பிரித்தானியாவின் ரூல்ஸ் ஃபோர் செல்ஃப் றிலையன்ஸ் அமைப்பு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய கருவிகளைத் தொண்டர்கள் மூலம் புதுப்பித்து ஆபிரிக்க நாடுகளின் தொழிலாளருக்கு அனுப்பியிருக்கிறது. வன்னிக்குக் கப்பல் தேவையில்லை. கருவியும் அது தேவைப்படும் இளைஞரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பழைய கருவி ஒன்றைச் சுத்தம் செய்து, தீட்டி, அளவு சரிபார்த்துப் பாவனைக்குக் கொண்டுவருவது பொருத்துநர் பயிற்சியின் நல்லதொரு செய்முறைப் பாடம். பயிற்சி முடித்து வெளியேறும் மாணவரின் கையில் ஒரு கருவிப்பெட்டி இருந்தால், சான்றிதழ் தொழிலாக மாறும்.

மூன்று காரியங்களை இப்போதே தொடங்கலாம். பழைய இரும்புக் கடைக்காரர், கருவிகளைக் குவியலில் சேர்க்காமல் ஒரு பெட்டியில் பிரித்து வைக்க வேண்டும். நிறுவை விலையைவிட அது அவருக்கே அதிகம் தரும். பயிற்சி நிறுவனங்கள் அப்பெட்டிகளை ஒழுங்காகப் பார்வையிட்டு நியாயமான விலைக்கு வாங்க வேண்டும். திருத்தவே முடியாதவற்றையும் ஊர்க் கைவேலையின் சான்றாக நிற்பவற்றையும் படமெடுத்து, பாவித்த முதியவரின் விளக்கத்தோடு பதிவுசெய்ய வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் அத்தகைய பதிவுகளுக்குப் பொருத்தமான இடம்.

வாங்குபவருக்கும் ஒரு வேண்டுகோள். கருவியின் உண்மையான பெறுமதி உங்களுக்குத் தெரிந்திருந்து விற்பவருக்குத் தெரியாவிட்டால், அதைச் சொல்லிவிட்டுக் கருவியின் விலையையே கொடுங்கள். வன்னியில் ஒரு கருவிப்பெட்டியை விற்க வருபவர் பெரும்பாலும் ஒரு தொழிலை இழந்தவர். அவரிடமிருந்து நிறுவை விலைக்கு வாங்குவது வியாபாரத் திறமை ஆகாது.